தூறலில் செவிடாகும் பெட்டி

என் வேலை என்னவென்று, தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான எங்கள் லயத்தில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. கம்பியூட்டரின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற ஒரு நிரல் உண்டு; அதற்குக் கர்னல் என்று பெயர். உலகத்தில் பலபேர் சேர்ந்து அதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மாற்றங்களில் எங்கள் பெட்டியைத் தொடுகிறவற்றை ஓட்டிப் பார்த்து, சரியா பிழையா என்று எழுதுவதுதான் என் வேலை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். அம்மா சுருக்கமாகச் சொல்லிவிடுவாள், அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் தோட்டத்திலேயே கிடையாது என்பது அவளுடைய கணிப்பு. நான் மறுத்ததில்லை.

எங்கள் லயம் கொட்டகலைக்கு மேலே ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கட்டியவன், ஆட்கள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரத்துக்கு வந்து சேருவார்களா என்று பார்த்தானே தவிர, பின்னால் இருக்கும் மண் நிற்குமா என்று பார்க்கவில்லை. சரிவின் உச்சியில், தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், ஒரு இரும்புக் கம்பம். அதில்தான் பெட்டி. மேலே ஒரு புனல், அதன் அடியில் இரண்டு பக்கமும் மாறிமாறிச் சாயும் ஒரு சின்னக் கிண்ணம். மழைநீர் நிரம்பினால் சாய்ந்து கொட்டும். ஒவ்வொரு சாய்வையும் உள்ளே இருக்கிற கையகலக் கணினி எண்ணும். கொஞ்ச நேரத்துக்குள் அளவுக்கு மிஞ்சிச் சாய்ந்தால் சங்கு ஊதும். சங்கு கேட்டால் லயத்துச் சனம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். போனில் வருகிற எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொது. எங்கள் மேட்டுக்கென்று பேச இந்தப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது.

பெட்டியைச் செய்தவர் என் அக்காவின் கணவர். தலவாக்கலைக்காரர். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனிக்காக அவரும் நானும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். செய்வது அவர், குற்றம் கண்டுபிடிப்பது நான். முதல் பெட்டியை எங்கே நடுவது என்று கம்பனியில் கேட்டபோது, என் மாமியார் வீட்டு மேட்டில் என்று அவர்தான் சொன்னாராம். கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியதும் அவர்தான். லயத்தில் அவருக்குப் 'பொட்டி மாப்புள' என்று பெயரே விழுந்துவிட்டது. வந்தால் நாலு வீட்டிலிருந்து பிளேன்டீ வரும்.

போன மழைக்காலத்தில் அந்தப் பெட்டி செத்துப்போனது. அது சூரியத் தகட்டில் ஓடுவது. எந்நேரமும் விழித்தே இருக்கும். வெயில் அடிக்கிற நாட்களில் பரவாயில்லை. மூட்டம் இறங்கிவிட்டால் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. பேட்டரி வடிந்து, மழை உச்சத்தில் இருந்த நேரத்தில் பெட்டி பேச்சு மூச்சில்லாமல் நின்றது. ஒரு பகல்பொழுது, ஆட்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, லயத்துக் கோடியில் மண் இறங்கி ஒரு ஆட்டுக்கொட்டிலை மூடிவிட்டது. ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. மச்சான் தலவாக்கலையிலிருந்து ஓடிவந்து, அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா எத்தனை முறை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. ஆட்டின் கயிறு மட்டும் மண்ணுக்கு வெளியே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூங்கவைக்கும் மாற்றத்தை எழுதினார். மழை இல்லாத நேரத்தில் கணினி தூங்கும். கிண்ணம் சாய்ந்தால் அந்தத் தட்டலில் எழும்பும். எண்ணிவிட்டு மறுபடி தூங்கும். பேட்டரி பல மடங்கு நாள் தாங்கும். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார். நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் எழுதியதில் நான் மெச்சியதும் உண்டு, ஆனால் முகத்துக்கு நேரே மெச்சியதில்லை.

அதற்குக் காரணம் எங்களுடைய உறவுமுறை. மச்சானுக்கும் கொழுந்தியாவுக்கும் நடுவில் கேலிக்குத்தான் இடம் உண்டு. அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவர் மீசையைக் கேலி செய்தேன், அவர் என் சமையலைக் கேலி செய்தார். வேலையும் அப்படித்தான் ஆனது. அவர் அனுப்புகிற நிரலில் பிழை இருந்தால், மச்சான், இதைத் தூக்கத்தில் எழுதினீர்களா என்று போன் செய்வேன். அவர், நீ முழித்துக்கொண்டு எழுதினால் இதைவிட மோசமாக வரும் என்பார். சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். வருஷக்கணக்கில் அது ஒழுங்காக நடந்தது.

இந்த மாற்றத்தை நான் எங்கள் முன்வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வைத்துச் சோதித்தேன். கூரை விளிம்பில் ஒரு புனல், ஜன்னல் வழியாக உள்ளே ஒரு வயர், மேசையில் பெட்டி. முதலில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பெருமழையில் விழித்தே இருந்தது, வெயிலில் ஆழ்ந்து தூங்கியது. பிறகு எங்கள் ஊருக்கே உரிய அந்தத் தூறல் பிடித்தது. மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. துணி காயாது, குடையும் தேவைப்படாது. அந்தத் தூறலில் பெட்டி அடிக்கடி தூங்கி அடிக்கடி எழும்பியது. ஒரு கட்டத்தில் எழும்பவே இல்லை. வெளியே கிண்ணம் சாய்ந்துகொண்டே இருக்கிறது, உள்ளே கணினி தூங்கிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் காலை, தினசரிச் செய்தி அனுப்புகிற நேரத்துக்குத் தானாக எழும்பி, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

காரணத்தைத் தேடிப் பிடித்தேன். கணினி கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் கிண்ணம் சாய்ந்தால், அந்தத் தட்டலை அது கேட்பதில்லை. ஒரு தட்டல் தவறினால் போகட்டும் என்று விடலாம். ஆனால் தட்டிய கை, அதாவது கிண்ணம் கொடுத்த சைகை, கதவிலேயே இருக்கும். யாராவது வந்து பார்க்கும்வரை எடுக்காது. கையை எடுக்காமல் மறுபடி எப்படித் தட்டுவது? அதோடு பெட்டி செவிடு. பெருமழையில் அதற்குத் தூங்கவே நேரம் இல்லை, ஆகவே பிழை தெரியாது. தூறலில்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் பெருமழை ஒருநாளும் நேராக வராது. முதலில் மணிக்கணக்கில் தூறும். மண்ணை ஊறவைத்துவிட்டு அப்புறம்தான் கொட்டும். அந்தத் தூறலிலேயே பெட்டி செவிடாகிவிட்டால், கொட்டும்போது ஊத ஆள் இல்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல, உங்கள் பெட்டிக்கு மாப்பிள்ளைத் தூக்கம், ஊரே இடிந்தாலும் எழும்பாது என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் விளக்கினேன். தான் போத்தலில் தண்ணீர் ஊற்றிப் பலமுறை பார்த்ததாகவும், ஒருதடவை கூடத் தவறவில்லை என்றும் சொன்னார். போத்தல் தண்ணீர் ஒரே சீராகச் சொட்டும், தூறல் அப்படி இல்லை என்றேன். உன் இஸ்தோப்பு ஒழுகுகிறது, வயரில் தண்ணீர் போயிருக்கும், துடைத்துவிட்டுப் பார் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் இஸ்தோப்பு ஒழுகத்தான் செய்கிறது. மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னேன், மறுபடி சிரித்தார். நான் கோபமாகப் பேசினால் அதையும் கேலியின் உச்சமாக எடுத்துக்கொண்டார். நிஜமாகவே வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். கர்னலுக்கு ஒரு மாற்றம் போக வேண்டுமானால், அதை யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அங்கே எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். நாங்கள் முகம் பார்த்ததில்லை. அவரிடம் எங்கள் பெட்டி இல்லை. ஆகவே பெட்டி வைத்திருக்கிற இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, 'சோதித்தவர்' என்று தன் பெயரைப் போட்டு ஒரு வரி தர வேண்டும். அந்த வரி ஒரு சாட்சி. உலகத்தில் அந்த இன்னொருவர் நான் ஒருத்திதான். கர்னலில் ஏற்கப்பட்ட மாற்றத்தை மட்டும்தான் எங்கள் மேட்டிலும் மற்ற ஊர்களிலும் இருக்கும் பெட்டிகளுக்கு அனுப்புவது என்று கம்பனியும் முடிவெடுத்திருந்தது.

மச்சான் மாற்றத்தைக் கொஞ்சம் மெருகேற்றி மறுபடி பட்டியலுக்கு அனுப்பினார். காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து அதைத் திறந்தேன். பிழை இருந்த இடத்தில் பிழை அப்படியே இருந்தது. அடியில், சோதித்தவர் என்று என் முழுப்பெயர் இருந்தது. அதற்கு அந்தப் பொறுப்பாளர் உடனேயே பதில் போட்டிருந்தார்: சோதித்தவர் இருப்பதால் எனக்குத் திருப்தி, வார இறுதியில் சேர்த்துக்கொள்கிறேன். தேத்தண்ணி ஆறும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை.

போன் செய்து கேட்டேன். அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. நீதானே வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாய், உன் பேரைப் போடாமல் விட்டால்தானே கோபிப்பாய் என்றார். அது பொய்யில்லை. மனதார அப்படி நினைத்துத்தான் போட்டிருக்கிறார். நான் சொன்ன பிழையை என்ன செய்தீர்கள் என்றேன். மழைக்காலம் வாசலில் நிற்கிறது, முதலில் உள்ளே போகட்டும், அப்புறம் நீயும் நானும் சேர்ந்து பார்ப்போம் என்றார். பேட்டரி செத்தால் எல்லாப் பெட்டியும் ஊமை, நீ சொல்வது நடந்தாலும் எப்போதோ ஒன்றுதான் செவிடு என்றும் சொன்னார். கம்பனியில் பேசினேன். இரண்டு பேரும் ஒரே குடும்பம்தானே, வீட்டுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று அவர்கள் கழன்றுகொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா பஸ் ஏறி வந்தாள். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு நேரே வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்காராமல் அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள். அம்மா ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கியவள் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க கல்யாணப் பத்திரிகையில ஒன் பேர ஒன்னக் கேட்டா போட்டாங்க?" என்றாள். "வீட்டுப் புள்ளன்னு போட்டாங்க. போடாம விட்டாத்தான் தப்பு. அவரும் அப்பிடி நெனச்சுத்தான் போட்டாரு. இப்ப எடுக்கச் சொன்னா என்னா அர்த்தம்?"

என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடித்தால் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், கொழுந்தியா என்று அடியில் ஒரு படையே நிற்கும். யாரையும் கேட்டுப் போடுவதில்லை. அது அழைக்கிறவர்களின் வரிசை, நாங்கள் எல்லாரும் ஒன்று என்று ஊருக்குச் சொல்வது. அதில் ஒருவர் என் பேரை எடு என்று சொன்னால், உறவை அறுத்துக்கொள்கிறேன் என்று பொருள். மச்சான் அந்த வரியை அந்த வரிசையாகத்தான் பார்த்திருக்கிறார். நான் ஊர்பேர் தெரியாத பலபேருக்கு முன்னால், அழிக்க முடியாத ஒரு இடத்தில், அதை எடுக்கச் சொல்லப்போகிறேன். அவர் பொய்ச்சாட்சி வைத்தார் என்றுதான் அவர்கள் படிப்பார்கள்.

"அக்கா, பத்திரிகையில பேரு போட்டா யாரும் சாக மாட்டாங்க" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். போன மழையிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை என்றாள். மழைச் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்துகொள்வாராம். இந்த மாற்றம் போனால்தான் அவர் மனுஷனாவார், அதையும் நீயே தட்டிவிடுவாயா என்று கேட்டாள். கம்பனியில் அவர் பேர் கெட்டால் வேறு எங்கே போவது என்றும் கேட்டாள்.

அம்மாவைப் பார்த்தேன். அந்தச் சரிவுக்குக் கீழே என்னோடு தினமும் படுத்து எழும்புகிறவள் அவள். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"மாப்புளய நாலு பேரு முன்னால தலகுனிய வைக்காத. மழ வந்தா நாங்க பாத்துக்குறோம். இவ்வளவு நாளும் சங்கு ஊதியா பொழச்சோம்?" என்றாள்.

யாருக்காக நான் மல்லுக்கு நிற்கிறேனோ அவளே வேண்டாம் என்கிறாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் மாப்பிள்ளையின் மானத்துக்கு லயத்தையே காவு கொடுப்பீர்களா என்று கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம், பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள். அக்கா தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அவள் போன பிறகு பயம் பிடித்தது. நான் சொல்வது பிழையாக இருந்தால்? உண்மையிலேயே வயரில் தண்ணீர் போயிருந்தால்? என்னால் மாற்றம் நின்று, பெட்டிகள் போன வருஷம் போலவே மூட்டத்தில் செத்து, ஒரு காம்பராவின் மேல் மண் விழுந்தால் அது என் கணக்கில்தான் வரும். தடுப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் சேதம் உண்டு என்பதை எங்கள் தொழிலில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. குற்றம் கண்டுபிடிக்கிறவள் கை கழுவிவிட்டுப் போகலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வயரை மாற்றினேன். பெட்டியையே மாற்றினேன். புனலைக் கழற்றிவிட்டு, தண்ணீரே இல்லாமல், தட்டலை மட்டும் தாறுமாறான இடைவெளியில் கொடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். தண்ணீர் இல்லாவிட்டால் ஒழுகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடவிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எழும்பியது, தூங்கியது, எழும்பியது, தூங்கியது. பிழை வராமல் இருக்கட்டும், நான் முட்டாளாகிவிட்டுப் போகிறேன் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். பெட்டி செவிடானது. திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் ஆனது.

எழுதுவதற்கு அதைவிட நேரம் பிடித்தது. முதலில் நீளமாக எழுதினேன், அவருடைய உழைப்பை மெச்சி, குடும்பத்துக்குள் நேர்ந்த ஒரு தவறான புரிதல் என்று. படித்துப் பார்த்தால் அக்கம்பக்கத்துச் சண்டை போல இருந்தது. சோதித்தவர் என்று வரி போடுகிறவளுக்கு மச்சான் இல்லை, அக்கா இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன். மிஞ்சியது கொஞ்சம்தான்: இந்த வரியை நான் கொடுக்கவில்லை, விட்டுவிட்டு வரும் மழையில் இந்த மாற்றம் கருவியைச் செவிடாக்குகிறது, செய்து பார்க்கும் முறை கீழே உள்ளது, சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரைப் பெயர் சொல்லிக்கூட விளிக்கவில்லை. காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கூடையோடு எங்கள் வாசலைக் கடந்துகொண்டிருந்தபோது அனுப்பினேன்.

பொறுப்பாளர் மாற்றத்தை நிறுத்திவிட்டு மச்சானிடம் ஒரு கேள்வி கேட்டார்: அந்த வரி கொடுக்கப்பட்டதா, இல்லையா? எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் கேட்டார். மச்சான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். போனில் பேசினோம், கொடுத்ததாக நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: அவர் கொடுக்கவில்லை, நானே சேர்த்தேன், மன்னிக்கவும். அதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதரின் மேல் இருந்த கோபம் முழுக்க வடிந்துவிட்டது. வடிந்த பிறகு இருக்கிற வெறுமை கோபத்தைவிட மோசம். போனை எடுத்தேன். எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன்.

அவர் எழுதுகிறதை இனி வெளியே அனுப்புமுன் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஒருவரிடம் அவர் காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்துத் திருவிழாவுக்கு அக்கா வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னாளாம். பொட்டி மாப்புள ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா அந்தக் காய்ச்சலையே சொன்னாள். எனக்குச் சோற்றை வைக்கும்போது மட்டும் தட்டு கொஞ்சம் சத்தமாக வந்து விழுந்தது.

பருவமழை தொடங்கிவிட்டது. மேட்டுப் பெட்டி பழைய கர்னலிலேயே, தூக்கம் இல்லாமல் நின்றது. மூட்டம் இறங்க இறங்க நான் தினமும் அதன் பேட்டரி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைந்துகொண்டே வந்தது. கந்தப்பளைப் பக்கம் ஒரு பெட்டி ஏற்கனவே நின்றுவிட்டது. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரியான காரியத்தைச் செய்தால் மனசு லேசாக இருக்கும் என்று எவரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு காலை மச்சானின் புதிய மாற்றம் பட்டியலுக்கு வந்தது. அடியில் யார் பெயரும் இல்லை. முன்பு, கண்ணை மூடிவிட்டு அப்புறம் காதைத் திறந்துகொண்டிருந்தது பெட்டி. இப்போது முதலில் காதைத் திறந்து வைக்கிறது, யாராவது தட்டினார்களா என்று கடைசியாக ஒருமுறை பார்க்கிறது, அதற்குப் பிறகுதான் கண்ணை மூடுகிறது. எளிமையான, அழகான திருத்தம். கீழே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார், உலகத்தில் யாருக்கும் எழுதுவதைப் போல: நேரம் கிடைக்கும்போது தயவுசெய்து சோதித்துத் தர முடியுமா?

தூறல் என்னைக் காக்க வைக்கவில்லை. இஸ்தோப்பில் புனலை மாட்டி ஓடவிட்டேன். என் தாறுமாறு நிரலையும் இன்னொரு பெட்டியில் ஓடவிட்டேன். அதை உடைக்க எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். உடையவில்லை. அம்மா வேலை முடிந்து வந்து, பெட்டி எழும்பும்போது மினுங்கும் சின்ன விளக்கைப் பார்த்து, மாப்பிள்ளை செய்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லாயிருக்கா என்றாள். நல்லாயிருக்கு என்றேன். அன்றைக்குத் தட்டு சத்தமில்லாமல் வந்தது. மறுநாள், சோதித்தவர் என்று என் பெயரை நானே எழுதி அனுப்பினேன். மாற்றம் ஏறியது, பெட்டிகளுக்கும் போனது. மேட்டுப் பெட்டி அப்போது கடைசிச் சொட்டுப் பேட்டரியில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மழை, காலையிலிருந்தே தூறலாக இருந்தது. மத்தியானம் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். சாயந்தரம், லயமே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில், ஒரே அடியாகக் கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து சங்கு ஊதியது. அதுவரை சோதனைக்குத் தவிர அது ஊதி யாரும் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டபடி நடந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது. லயத்துக் கோடிக் காம்பராக்களுக்குள் மண் வந்துவிட்டதாக, கடைசியாக ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காம்பராக்களில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவின் போன் அடித்தது. அக்கா. எல்லாரும் வந்துவிட்டோம், ஒன்றுமில்லை, அழாதே என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். "மாப்புள பேசணுமாம்."

"எழும்புச்சா?" என்று கேட்டார். மாதக்கணக்குக்குப் பிறகு கேட்கும் குரல்.

"எழும்பிருச்சு மச்சான். காலையில இருந்து தூறல்தான். தூங்கித் தூங்கி எழும்பிருக்கு. பெருசா வந்தப்ப சரியா ஊதிருச்சு."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். ஒரு கேலி வரும் என்று காத்திருந்தேன். ஒன் காதுக்கே கேட்டுச்சா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் ஒன்று திருப்பிக் கொடுப்பேன். "நல்லது. எல்லாரும் பத்திரமா இருங்க" என்றார், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுவதைப் போல. அக்காவிடம் போனைக் கொடுத்தார். அக்கா, அம்மாவிடம் கொடு என்றாள்.

பள்ளிக்கூடம் நிறையச் சனம், ஒருவர் குறையாமல். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன். பக்கத்துக் காம்பரா அத்தை வந்து முதுகைத் தடவி, அதான் தப்பிச்சுட்டோமே, எதுக்கு அழுவுற என்று கேட்டாள். பயந்துவிட்டேன் அத்தை என்று சொன்னேன்.